மறுமுனையின் முகவரி: வலையமைப்பு இணைப்பில் எதிராளரை இனங்காணலின் வரலாறு

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்லும் வீதி சவளக்கடையை அண்மித்ததும் ஊர்ப்பெயர்கள் எண்களாக மாறத் தொடங்குகின்றன. நான்காம் கொலனி, ஐந்தாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி என்றே மக்கள் இன்றும் வழங்குகின்றனர். 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி மக்களைக் குடியேற்றியபோது ஊர்களுக்கு எண்களே இடப்பட்டன. பெயர் சூட்டுவதற்குத் தலைமுறைகள் வேண்டும். எண் இடுவதற்கு ஒரு பேனா போதும். இவ்வாறு எண்ணையே ஊராகவும் முகவரியாகவும் கொண்டு வாழ்ந்த மக்களுக்குக் கணினி வலையமைப்பின் முகவரிமுறை முற்றிலும் அந்நியமானதாகத் தோன்றவேண்டியதில்லை. இங்கு ஆராயப்படும் வினா ஒன்றே: ஒரு கணினியுடன் மற்றொரு கணினி இணைப்பை ஏற்படுத்தும்போது, மறுமுனையில் இருப்பது யார் என்பதைச் செய்நிரல் எவ்வாறு அறிகின்றது? அவ்வாறு அறிந்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் இவ்வினாவுள் அடங்கும்.

கடிதத்திலே அனுப்புநர் முகவரி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் எழுதுபவரின் விருப்பம். பெறுநர் முகவரி இன்றேல் கடிதம் போகாது. அனுப்புநர் முகவரி இன்றேலும் அது போய்ச்சேரும். மொட்டைக் கடிதம் என்னும் நிறுவனம் நம் சமூகத்தில் இத்தனை காலம் நிலைத்தமைக்கு இதுவே காரணம். வலையமைப்பின் இயல்பு வேறு. இணைப்பொன்று ஏற்படவேண்டுமாயின் விடை திரும்பிச் செல்லவேண்டும். விடை திரும்பவேண்டுமாயின் வந்தவரின் முகவரி தெரிந்திருக்கவேண்டும். ஆகவே மறுமுனையின் முகவரி அங்கே மரியாதைக்காக எழுதப்படுவதன்று. தொழிற்பாட்டின் தேவையாகவே அது அமைகின்றது. எனினும் 'முகவரி தெரியும்' என்பதும் 'ஆளைத் தெரியும்' என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கடந்த ஐம்பது ஆண்டுகளிலே படிப்படியாக விரிந்து வந்துள்ளது.

'சொக்கெற்' என்னும் சொல் வலையமைப்புத் துறையிலே 1970ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களத்து ஆதரவில் இயங்கிய ஆர்ப்பாநெற் வலையமைப்பினர் தம்முட் பரிமாறிக்கொண்ட குறிப்புகளில் அச்சொல் பயின்றது. 1971 மே மாதத்திலே ஜோயல் வினெற் எழுதிய 147ஆம் இலக்கக் குறிப்பு அதற்கு வரையறை தந்தது. அதன்படி சொக்கெற் என்பது 32 பிற்றுக்களாலான ஓர் எண். இரட்டை எண்கள் பெறுவதற்கும் ஒற்றை எண்கள் அனுப்புவதற்கும் உரியன. பொருத்துமிடம் என்று தமிழில் இதனைச் சொல்லலாம். மின்குமிழைப் பொருத்தும் கிண்ணத்தையும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறிப்பர்.

அக்காலத்து வலையமைப்பிலே இணைந்திருந்த கணினிகள் மிகச் சில. பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களுமே அவற்றை வைத்திருந்தன. சிறு கிராமத்திலே படலையைத் தட்டுபவரை இருமற் சத்தத்தைக் கொண்டே இன்னார் என அறிவது போல, அவ்வலையமைப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். எதிராளரை ஐயுறும் எண்ணம் அந்த வடிவமைப்பிலே காணப்படாமை வியப்பன்று.

வின்ற் சேர்வ், றொபேட் கான் ஆகிய இருவரும் 1974 மே மாதத்திலே வெளியிட்ட கட்டுரை வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று தொடுக்கும் வழியைக் காட்டிற்று. அதன்வழி வளர்ந்த நெறிமுறைகளை ஜோன் பொஸ்ரல் பதிப்பித்து 1981 செப்ரெம்பரில் வெளியிட்டார். அவற்றுள் 793ஆம் இலக்க ஆவணம் நமது பொருளுக்கு அடிப்படையாகும். கணினியின் இணைய முகவரியும் அதனுள் இயங்கும் சேவைக்குரிய துறை எண்ணும் சேர்ந்ததே சொக்கெற் என்றும், இரு முனைகளின் சொக்கெற்றுகளும் சேர்ந்த இணையே ஓர் இணைப்பைத் தனித்து அடையாளங் காட்டும் என்றும் அது வகுத்தது. வீட்டு இலக்கமும் அறை இலக்கமும் போன்ற நிலை இது. ஒரே வீட்டிலிருந்து ஒரே வேளையில் இருவர் ஒரே கடைக்குத் தொலைபேசி எடுப்பினும், அறை இலக்கம் வேறுபடுவதால் கடைக்காரர் பேச்சைக் குழப்பிக்கொள்ளமாட்டார். 1983 சனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் இப்புதிய நெறிமுறைக்கு மாறிற்று.

நெறிமுறை வகுத்தல் ஒன்று. அதனைச் செய்நிரல் எழுதுவோர் கையாளத்தக்க வடிவிற் கொடுத்தல் மற்றொன்று. பின்னைய பணி கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் நிறைவேறிற்று. அங்கே யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் திருத்தி வளர்த்த குழுவினருள் பில் ஜோய், சாம் லெவ்லர் முதலியோர் குறிப்பிடத்தக்கவர்கள். நெறிமுறைக்கான மூலச் செய்நிரல் பி.பி.என். என்னும் நிறுவனத்திலிருந்து கிடைத்தது. பில் ஜோய் அதனை அப்படியே ஏற்காது பெருமளவில் மாற்றி எழுதினார். 1983ஆம் ஆண்டிலே வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. என்னும் பதிப்பிலே சொக்கெற், பைன்ட், லிசின், அக்செப்ற், கொனெக்ற் என்னும் அழைப்புகள் இடம்பெற்றன. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இவ்வழைப்புகளின் பெயரும் முறையும் பெரிதும் மாறவில்லை. மாணவர் விடுதியிற் பயன்படும் கைத்தொலைபேசியின் உள்ளேயும் இவையே இயங்குகின்றன.

மறுமுனையின் முகவரியை அறிய அன்று இரு வழிகள் தரப்பட்டன. வருகின்ற இணைப்பை ஏற்கும் அக்செப்ற் அழைப்பே, ஏற்கும் தருணத்தில் வந்தவரின் முகவரியையும் கையளிக்கும். இது வாயிற்காவலர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதை ஒக்கும். மற்றையது கெற்பியர்நேம் என்னும் அழைப்பு. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பொன்றைக் காட்டி 'இதன் மறுமுனையில் இருப்பது எம்முகவரி?' என்று பணிசெயல் முறைமையிடம் பின்னர் கேட்டறிவது அது. முதலாவது வழி இருக்க இரண்டாவது எதற்கு என்ற ஐயம் எழலாம். யுனிக்சிலே ஒரு செய்நிரல் தான் திறந்த இணைப்பை மற்றொரு செய்நிரலுக்கு விட்டுச்செல்ல முடியும். 1986ஆம் ஆண்டின் 4.3 பி.எஸ்.டி. பதிப்பிலே ஐநெற்டி என்னும் பொதுக் காவலர் புகுத்தப்பட்டார். எல்லாச் சேவைகளின் வாயிலிலும் அவரே நின்று, வந்தவரை ஏற்று, உரிய செய்நிரலை எழுப்பி அதனிடம் ஒப்படைப்பார். எழுப்பப்பட்ட செய்நிரல் வாயிலை ஒருபோதும் கண்டதில்லை. வந்திருப்பவர் யாரென்று அறிய அதற்குக் கெற்பியர்நேம் ஒன்றே கதி.

இவ்வழைப்பு தரும் விடை மனிதர் படிக்கும் வடிவில் இருப்பதில்லை. 16 பைற்றுக்கள் கொண்ட ஒரு கட்டம் அது: முதல் 2 பைற்றுக்கள் முகவரிக் குடும்பத்தையும், அடுத்த 2 துறை எண்ணையும், அடுத்த 4 இணைய முகவரியையும் தாங்க, எஞ்சிய 8 வெறுமையாய் நிற்கும். கேட்பவர் தாம் ஏந்தும் பாத்திரத்தின் கொள்ளளவையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உண்மையில் எவ்வளவு நிரம்பியது என்பது அவ்விடத்திலேயே திருத்தி எழுதப்படும். கொள்ளளவைச் சொல்ல மறந்து, குப்பை எண்களை முகவரியெனக் கண்டு திகைத்தல் தொடக்க மாணவர் யாவரும் கடந்துவந்த அனுபவம். மறுமுனையினர் அதற்குள் போய்விட்டாராயின் 'இணைப்பில்லை' என்ற பிழையே விடையாகும்.

பைற்றுக்களின் ஒழுங்கும் ஒரு சிக்கலே. சில கணினிகள் எண்ணின் பெரும்பகுதியை முன்னும், சில சிறுபகுதியை முன்னும் வைத்தன. வலையமைப்பிலே பெரும்பகுதி முன்வருதல் வேண்டும் என்பது விதியாயிற்று. ஆதலாற் கெற்பியர்நேம் தந்த துறை எண்ணை மாற்றாமல் அச்சிட்டால், 80 என்பது 20480 என்று தோன்றும். இவ்விரு சாராரின் வழக்கை 1980 ஏப்ரல் 1ஆம் திகதி டனி கோகன் ஒரு குறிப்பிலே எள்ளலோடு எழுதினார். முட்டையை எந்த முனையில் உடைப்பதென்று போரிட்ட லில்லிபுற் மக்களின் கதையை ஜொனதன் சுவிவ்ற் 1726ஆம் ஆண்டு நூலிலே படைத்திருந்தார். அங்கிருந்தே 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' என்னும் பெயர்களைக் கோகன் எடுத்தாண்டார். கலைப்பீடத்தாருக்கும் பொறியியற் பீடத்தாருக்கும் பொதுவான சொத்து அரிதாகவே கிடைக்கின்றது. அவ்வகையில் இப்பெயர்கள் பேணத்தக்கன.

முகவரியை அறிவதிலிருந்து அம்முகவரியை நம்புவதற்குத் தாவியமைதான் பேர்க்கிலி வடிவமைப்பின் பெருங்குறை எனலாம். அங்கே உருவான ஆர்லொகின், ஆர்.எஸ்.எச். என்னும் சேவைகள், இன்ன முகவரியிலிருந்து வருபவர் நம்மவர் என்று ஒரு பட்டியலில் எழுதிவைத்திருந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டன. 1985 பெப்ரவரியிலே றொபேட் ரி. மொறிஸ், பெல் ஆய்வுகூட அறிக்கையொன்றில் இந்நம்பிக்கையின் ஓட்டையைச் சுட்டினார். இணைப்பு தொடங்கும்போது இரு முனையினரும் பரிமாறும் தொடரெண்ணை ஊகிக்க முடியுமாயின், விடையைக் காணாமலே வேறொருவரின் முகவரியைப் போர்த்திக்கொண்டு இணைப்பை ஏற்படுத்தலாம் என்பதே அவர் வாதம். ஸ்ரீவன் பெலோவின் 1989ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனை விரித்தெழுதினார். அப்போதும் பலர் இதனை ஏட்டுச் சுரைக்காய் என்றே கருதினர். 1994 டிசெம்பர் 25ஆம் திகதி சன்டியேகோவிலிருந்த சுற்றோமு சிமோமுறாவின் கணினிகள் இதே உத்தியால் தாக்கப்பட்ட பின்னரே அலட்சியம் நீங்கிற்று.

எதிர்முகவரி அறிதலின் வரலாற்றிலே மிகச் சுவையான பகுதி நெதர்லாந்தில் நிகழ்ந்தது. ஐந்தோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினிகளுள் 1990ஆம் ஆண்டளவில் ஒருவர் திரும்பத் திரும்ப ஊடுருவினார். சில வேளைகளில் வட்டிலிருந்த கோப்புகள் அனைத்தையும் அழிக்கும் கட்டளையை இட்டுச் சென்றமையால் வழித்தடயமும் அழிந்துபோயிற்று. அங்கு பணியாற்றிய வீற்ஸே வெனெமா ஒன்றைக் கவனித்தார்: யார் கணினியில் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து வினவும் 'பிங்கர்' சேவையை அந்நபர் உளவுக்குப் பயன்படுத்துகின்றார், அச்சேவையோ வினவியவரின் முகவரியை எங்கும் எழுதிவைப்பதில்லை. வெனெமா சேவைகளின் மூலச் செய்நிரலைத் தொடவில்லை. ஐநெற்டி எழுப்பவேண்டிய செய்நிரலின் இடத்திலே தமது சிறு செய்நிரலை அமர்த்தினார். அது மறுமுனையின் முகவரியைக் கேட்டறிந்து, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, உண்மையான செய்நிரலை எழுப்பி ஒதுங்கிவிடும். வந்தவருக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது. ரி.சி.பி. ராப்பர் என்று பெயர்பெற்ற இவ்வுறைச் செய்நிரலைப் பற்றி 1992ஆம் ஆண்டிலே அவர் எழுதிய கட்டுரை, கெற்பியர்நேம் என்னும் ஒற்றை அழைப்பு எவ்வளவு சாதிக்கும் என்பதற்குச் சான்று. பின்னர் பல்லாண்டுகள் யுனிக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இச்செய்நிரல் இடம்பெற்றிருந்தது.

அச்செய்நிரலில் மற்றொரு நுட்பமும் இருந்தது. எண்முகவரியைக் கொண்டு பெயரை வினவும்போது, அவ்வெண்ணின் உடைமையாளரே எழுதிவைத்த பெயர் விடையாக வரும். ஒருவர் தமது படலையில் யாருடைய பெயர்ப்பலகையையும் தொங்கவிடலாம் அல்லவா? ஆதலின் வெனெமா கிடைத்த பெயரைக் கொண்டு மீண்டும் எண்ணை வினவி, இரண்டும் பொருந்தாவிடின் கதவை அடைத்தார். பெயரினும் எண்ணே நம்பத்தக்கது என்னும் இம்முடிவு கொலனிவாசிகளுக்குப் புதிதன்று.

எண்ணும் எல்லையற்ற சான்றன்று என்பதை வானியலாளர் கிளிபேட் ஸ்ரோல் அதற்கு முன்னரே கண்டிருந்தார். 1986ஆம் ஆண்டிலே லோறன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்தின் கணக்கில் 75 சதம் இடித்தது. அந்த வித்தியாசத்தைத் தேடப் புகுந்த அவர், ஏறத்தாழ ஓராண்டு காலம் பின்தொடர்ந்து, மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த ஊடுருவியை எட்டினார். இடையிலே பல நிறுவனங்களின் கணினிகளும் தொலைபேசி வழிகளும் குறுக்கிட்டன. ஒவ்வோர் இடத்திலும் கிடைத்தது அதற்கு நேர் முந்திய இடத்தின் முகவரி மட்டுமே. இன்று வரை கெற்பியர்நேம் தரும் விடையின் எல்லையும் அதுவே: கடைசியாகக் கைகொடுத்தவர் யார் என்பதை அது சொல்லும், அவருக்குக் கைகொடுத்தவரை அது அறியாது.

32 பிற்றுக்களாலான முகவரிகள் மொத்தம் 4,294,967,296. இது போதாதென்பது 1990களின் தொடக்கத்திலேயே புலப்பட்டது. 1994 மே மாதத்திலே முகவரி பெயர்த்தல் என்னும் இடைக்கால ஏற்பாடு 1631ஆம் இலக்க ஆவணத்தில் முன்வைக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தினுள் எத்தனை கணினிகள் இருப்பினும், வெளியே செல்லும்போது அவை யாவும் ஒரே பொதுமுகவரியைச் சூடிக்கொள்ளும். வாயிலிலுள்ள பொறி துறை எண்ணை மாற்றி யாருடைய விடை யாருக்கு என்று நினைவிற் கொள்ளும். இடைக்கால ஏற்பாடே நிரந்தரமாயிற்று. தலைமை வாய்க்காலின் மதகிலே நிற்பவருக்கு எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நீர் சென்றது என்பது தெரியும். எந்த வரவைக்குள் பாய்ந்தது என்பது அவ்வட்டையின் வட்டவிதானைக்கே தெரியும். இணையத்தின் வட்டவிதானைமார் நினைவைக் குறிப்பேடாக வைத்திருப்பதும் இல்லை; வைத்திருப்பினும் நெடுநாள் பேணுவதும் இல்லை.

இணையப் பக்கங்களை வழங்கும் சேவையகங்களுக்கு முன்னே இடைத்தரகுக் கணினிகள் நிறுத்தப்பட்டபோது சிக்கல் மேலும் இறுகியது. சேவையகத்தின் செய்நிரல் மறுமுனையை வினவினால் தரகரின் முகவரியே கிடைக்கும். உண்மையான வருகையாளரின் முகவரியைத் தரகர் ஒரு தலைப்பு வரியில் எழுதி அனுப்பும் வழக்கத்தை ஸ்குவிட் என்னும் மென்பொருளை ஆக்கியோர் தொடங்கினர். 2014 யூனிலே 7239ஆம் இலக்க ஆவணம் இதற்கு முறையான வடிவம் தந்தது. எனினும் அவ்வரியை எவரும் எழுதலாம். கடித உறையின் முத்திரைக்கும், உள்ளே 'இப்படிக்கு' என்று எழுதப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கு மறத்தலாகாது. தம்முடைய தரகர் எழுதிய வரியை மட்டுமே நம்பி, ஏனையவற்றை ஒதுக்குதலே அறிவுடைமை. 128 பிற்று முகவரிகளையுடைய ஆறாம் பதிப்பு 1995 டிசெம்பரில் வரையறுக்கப்பட்டபோது, 16 பைற்றுக் கட்டம் போதாது போயிற்று. புதிய கட்டம் 28 பைற்றுக்கள் கொண்டது. பழைய செய்நிரல்கள் பல இதனாலேயே அரைமுகவரியைப் படித்துத் தடுமாறின.

இலங்கையிலே 'எல்.கே.' என்னும் பெயர்வெளி 1990ஆம் ஆண்டிலே பெறப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியாற் பல்கலைக்கழகங்களுக்கான லேர்ன் வலையமைப்பு உருவாயிற்று. 1995இல் வணிக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கிற்று. அதே ஆண்டிலேதான் ஒலுவிலுக்குரிய பல்கலைக்கழகக் கல்லூரியும் தோன்றி, மறு ஆண்டிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 2010இல் '.இலங்கை' என்னும் தமிழ்ப் பெயர்வெளியும் கிடைத்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், நீதவானின் பிடியாணையின் பேரில் சேவை வழங்குநரிடமிருந்து சந்தாதாரர் விபரங்களையும் போக்குவரத்துத் தரவுகளையும் பெறுவதற்கு வழிசெய்தது. மறுமுனையின் முகவரி இவ்வாறு நமது நாட்டிலே சட்டச் சான்றின் தகுதியைப் பெறலாயிற்று.

அத்தகுதி இப்பிரதேசத்துக்கு ஏட்டளவிலான விடயமன்று. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, முஸ்லிம் உணவகமொன்றின் உணவிலே கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கூறிய பொய்யுரையைத் தொடர்ந்து அம்பாறை நகரிலே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மாத்திரை எனப்பட்டது மாவுக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அப்பொய்யைத் தாங்கிய காணொளி கைத்தொலைபேசிகளின் வழியே பரவிற்று. மார்ச் மாதத் தொடக்கத்திலே திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் வன்முறை மூண்டபோது, அரசாங்கம் மார்ச் 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கிற்று. மக்களிற் பலர் மெய்நிகர் தனிவலை எனப்படும் வி.பி.என். வழியே வேற்று நாடுகளின் கணினிகளினூடாகச் சென்று தடையைத் தாண்டினர். அந்நாட்களில் இலங்கையிலிருந்து எழுதியவரின் மறுமுனை முகவரி பல சேவையகங்களின் குறிப்பேட்டில் சிங்கப்பூராகவோ ஒல்லாந்தாகவோ பதிவாகியிருக்கும். பொய்யைப் பரப்பியவரை முகவரியைக் கொண்டு தேடவேண்டியிருந்த வேளையிலே, முகவரிகளை மறைக்கப் பழக்கியது அத்தடையே. இது கொள்கை வகுத்தோர் எண்ணிப்பாராத விளைவு எனல் பொருந்தும்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2011 பெப்ரவரி 3ஆம் திகதி 32 பிற்று முகவரிகளின் மத்தியக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலிலே ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் கையிருப்பும் இறுதித் தொகுதியை எட்டிற்று. உலகின் பல பாகங்களிலும் கைத்தொலைபேசி நிறுவனங்கள் தமது வாடிக்கையாளர் பெருந்தொகையினரை ஒரே பொதுமுகவரியின் பின்னே நிறுத்தலாயின. இந்நிலையிலே முகவரி ஒன்றை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்குதல், ஒரு கொலனி முழுவதையும் ஒரே கயிற்றிற் கட்டுவதற்கு ஒப்பாகும். குற்றமற்ற இளைஞன் ஒருவன் அம்முகவரியைப் பகிர்ந்த ஒரே காரணத்தால் விசாரணைக்கு உட்படலாம். பொய்யுரைத்தவன் அதே கூட்டத்தில் ஒளிந்து தப்பவும் கூடும்.

இதனைக் கருத்திற் கொண்டே 2011 யூனிலே வெளிவந்த 6302ஆம் இலக்க ஆவணம், இணையச் சேவையகங்கள் மறுமுனையின் முகவரியோடு துறை எண்ணையும், வினாடி பிசகாத நேரத்தையும் பதியவேண்டும் எனப் பரிந்துரைத்தது. துறை எண் கெற்பியர்நேம் தரும் அதே கட்டத்தில், முகவரிக்கு முன்னே, 1983 முதல் இருந்து வருவதுதான். குறிப்பேடு எழுதியோரே அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். நேரம் உலகப் பொதுநேரத்திற் பதியப்படுதல் நன்று என்றும் அவ்வாவணம் கூறுகின்றது. இலங்கையைப் பொறுத்தவரை இது வெறும் சம்பிரதாயமன்று. 1996 மே மாதத்திலே நாட்டின் நேரம் பொதுநேரத்திற்கு ஆறரை மணித்தியாலம் முன்னதாக மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அது ஆறு மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலிலே ஐந்தரைக்கு மீண்டது. ஆகவே பழைய பதிவேடொன்றிலே காலை 9.10 என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின், அது 1996 யூலைக்குரியதாயின் பொதுநேரம் 2.40, 1999ஆம் ஆண்டுக்குரியதாயின் 3.10, 2006 மே மாதத்துக்குரியதாயின் 3.40.